பொதியும் பெயரும்

யூபிலி மலருக்குக் கட்டுரை ஒன்று வரையுமாறு எமக்குப் பணி இடப்பெற்றபோது, பழைய அதிபர்களின் பெருமையையோ, துடுப்பாட்டக் குழுவின் வெற்றிகளையோ, கல்லூரிப் பாடல் பிறந்த வரலாற்றையோ யாம் எழுதுவோம் என்றே பலரும் எதிர்பார்த்திருப்பர். அவற்றை எழுதுதற்கு எம்மினும் தகுதியுடையார் பலர் உளர். ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி பெற்று, இருபதாண்டுக் காலமாகத் தமிழ் கற்பித்துவரும் யாமோ, ஈண்டுக் கணினி மென்பொருட் பொதிகளைப்பற்றிச் சிறிது கூற விழைகின்றோம். தமிழாசிரியனுக்கும் லினக்ஸ் பணிசெயல் முறைமைக்கும் யாது தொடர்பு என வினவுவோர் சற்றே பொறுத்துப் படிப்பாராக. தொடர்பு மிக நெருங்கியது என்பதும், அதனை அறியாதிருப்பின் இழப்பு எம் மாணவர்க்கே என்பதும் போகப்போகப் புலனாகும்.

எம் கல்லூரிக் கணினிக்கூடத்தில் மூவகைக் கணினிகள் உள. முதல்வகையின, அலுவலகங்களிற் கழிக்கப்பெற்று அன்பளிப்பாக வந்த பழைய மேசைக் கணினிகள் பன்னிரண்டு. இவற்றில் 32 பிட் முறைமையே நிறுவப்பட்டிருந்தது. இரண்டாம் வகையின, பின்னாளில் வாங்கிய 64 பிட் கணினிகள் எட்டு. மூன்றாம் வகையின, கடல்கடந்து வாழும் பழைய மாணவர் சிலர் அனுப்பிவைத்த றாஸ்பெரி பை 4 என்னும் சிறுகணினிகள் ஆறு. உள்ளங்கையில் அடங்கும் இவை ஆர்ம் என்னும் வேறொரு குடும்பத்து முறைவழியாக்கியைக் கொண்டவை. மூவகைக்கும் பணிசெயல் முறைமை லினக்ஸே. 1991ஆம் ஆண்டிற் பின்லாந்து மாணவரான லீனஸ் தோர்வால்ட்ஸ் தொடங்கிய கருவின்மீது, 1993ஆம் ஆண்டில் இயன் மேர்டொக் தொடங்கிய டெபியன் என்னும் தொகுதி எழுந்தது. எம் கூடத்துக் கணினிகள் யாவும் டெபியனையோ அதன் வழிவந்த முறைமைகளையோ தாங்கி நிற்பன. திரையிற் பார்ப்பார்க்கு மூன்றும் ஒன்றுபோலவே தோன்றும். உள்ளே அவை பேசும் மொழியோ மூன்று.

அம்மொழி வேறுபாட்டை விளக்குவாம். ஒரு செய்நிரலை மனிதர் எழுதும்போது மூல நிரலாக எழுதுகின்றனர். தொகுப்பான் என்னும் கருவி அதனை முறைவழியாக்கிக்கு விளங்கும் கட்டளைகளாக மாற்றுகின்றது. மூலம் ஒன்றே ஆயினும், இன்ரெல் குடும்பத்துக்கு மாற்றிய கட்டளை ஆர்ம் குடும்பத்துக்கு விளங்காது; 64 பிட்டுக்கு மாற்றியது 32 பிட் முறைமையில் ஓடாது. இவ்வேறுபாட்டையே கட்டமைப்பு என்பர். இனி, பல செய்நிரல்களுக்கும் பொதுவான வேலைகளை ஒவ்வொன்றிலும் தனித்தனி எழுதாது ஓரிடத்திற் சேர்த்துவைத்து, வேண்டியபோது வேண்டியது எடுத்துக்கொள்ளும் தொகுதிக்கு நிரலகம் என்று பெயர். நிரலகத்தை உரிய இடத்தில் நிறுவுதற்கு ஏற்றவாறு, அதன் பெயர், பதிப்பெண், கட்டமைப்பு, துணைவேண்டுவன ஆகியவற்றைக் குறித்த சீட்டோடு கட்டித் தருவது பொதி. சீட்டைப் படித்தே முறைமை பொதியை ஏற்கும் அல்லது மறுக்கும்.

தமிழுக்கு இதில் என்ன பங்கு எனின், கூறுவாம். 'கெ' என்னும் எழுத்தைக் கணினி நினைவில் வைக்கும்போது ககரத்தை முன்னும் ஒற்றைக்கொம்பைப் பின்னுமாகவே வைக்கின்றது. திரையிற் காட்டும்போது கொம்பு முன்னே வருதல் வேண்டும். இடம் மாற்றி அடுக்கும் இப்பணியை லினக்ஸிற் பெரும்பாலும் ஹார்ஃப்பஸ் என்னும் நிரலகமே செய்கின்றது. பயர்பொக்ஸ், லிப்ரே ஒபிஸ், குரோம் முதலியன இதனைப் பயன்படுத்துகின்றன. ஒரு கட்டமைப்புக்கு இத்தகைய நிரலகம் சரியாகப் பொதிசெய்யப்படாவிடின், அக்கட்டமைப்புடைய கணினியிற் கொம்பும் காலும் சிதறித் தமிழ் தமிழாகாது. ஆங்கில வாசகனுக்கோ ஒரு குறையும் தோன்றாது. ஆகவே பொதிசெய்வோர் கவனக்குறைவின் சுமை நம்போன்ற மொழியினர்மீதே முதலில் விழுகின்றது.

நிற்க. உயர்தர வகுப்பில் எம்மிடம் யாப்பிலக்கணம் கற்ற மாணவன் ஒருவன், அசை பிரித்துச் சீர்க்கு வாய்பாடு கூறும் சிறு நிரலகம் ஒன்றைச் சி மொழியில் இயற்றினான். 'கல்லூரி' என்று கொடுப்பின், நேர் நேர் நேர் எனப் பிரித்துத் தேமாங்காய் என்று அது விடை தரும். குறில், நெடில், ஒற்று என்னும் விதிகளை யாம் சொல்ல, அவன் நிரலாக்கினான். பைத்தன் மொழியில் எழுதிய சிறு சாளரமொன்று அந்நிரலகத்தை அழைத்துப் பயன்படுத்தியது. அவன் வேலை செய்தது றாஸ்பெரி பை ஒன்றில். அங்கே அது குறைவின்றி ஓடியது. யாப்பென்றால் அஞ்சி ஒதுங்கும் மாணவர்க்கு இது பெருந்துணையாகும் என எண்ணி, கூடத்துக் கணினிகள் யாவற்றிலும் நிறுவ முனைந்தோம். அயலூர்ப் பாடசாலை இரண்டும் படி கேட்டிருந்தன. ஆங்குள்ளவை பெரும்பாலும் பழைய கணினிகளே.

பொதி எல்லாக் கணினிகளிலும் தடையின்றி நிறுவப்பட்டது. ஆனால், ஓடியது றாஸ்பெரி பையில் மட்டுமே. 64 பிட் கணினி, 'ஈ.எல்.எஃப். வகுப்புப் பிழை' என்று அறிவித்தது. 32 பிட் மேசைக் கணினியோ, 'அவ்வாறான கோப்பு இல்லை' என்றது. கோப்போ அக்கோப்புறையிற் கண்முன்னே கிடந்தது. உள்ள பொருளை இல்லையென்று பொறி சொல்வது கண்டு மாணவர் மருண்டனர்.

மருட்சி நீங்கும் வழி கோப்பின் தலைப்பிலேயே உண்டு. லினக்ஸில் இயங்கும் கோப்புகளின் முதல் நான்கு பைட்டுகள், 127 என்னும் எண்ணும், ஈ, எல், எஃப் என்னும் மூன்றெழுத்துமாகும். ஐந்தாம் பைட்டு 1 ஆயின் 32 பிட், 2 ஆயின் 64 பிட். பத்தொன்பதாம் இருபதாம் பைட்டுகள் முறைவழியாக்கியின் குடும்பத்தைக் குறிப்பன: 3 எனின் பழைய இன்ரெல் 32 பிட், 62 எனின் அதன் வழிவந்த 64 பிட், 40 எனின் 32 பிட் ஆர்ம், 183 எனின் 64 பிட் ஆர்ம். மாணவனது நிரலகம் 32 பிட் ஆர்முக்கு உரியது. 64 பிட் கணினியின் ஏற்றி ஐந்தாம் பைட்டைக் கண்டே வகுப்பு வேறு என்றது. பழைய மேசைக் கணினிக்கு வகுப்பு ஒத்தது, குடும்பம் ஒக்கவில்லை. ஆதலின் அக்கோப்பைத் தனக்குரியதாகக் கருதாது ஒதுக்கி, தனக்குரியது ஒன்றும் கிடைக்கவில்லை என்ற பொருளில் இல்லையென்றது.

இத்தனை பொருத்தமின்மை இருந்தும் பொதி எவ்வாறு தடையின்றி நிறுவப்பட்டது? சீட்டில் கட்டமைப்பு என்னுமிடத்தில் மாணவன் 'ஆல்', அதாவது 'எல்லாம்', என்று எழுதியிருந்தான். எல்லார்க்கும் பயன்பட வேண்டும் என்னும் நல்லெண்ணமே அதற்குக் காரணம். அச்சொல்லோ, எக்கட்டமைப்பிலும் ஒரே வடிவில் இயங்குவன என்று உறுதிகூறும் சொல்லாகும். எழுத்துருக்கள், அகராதித் தரவுகள், ஆவணங்கள் முதலியவற்றுக்கே அது பொருந்தும். தொகுத்த கட்டளைகளுக்கு அப்பெயர் சூட்டுவது, மாம்பழக் கூடையின்மேற் பலவகைப் பழம் என்று எழுதுவதை ஒக்கும். 'ஆர்ம் 32 பிட்' என்று உண்மை எழுதியிருப்பின், பிற கணினிகள் வாயிலிலேயே மறுத்திருக்கும். எமக்கும் காரணம் அப்போதே விளங்கியிருக்கும். எல்லார்க்கும் என்று எழுதுவதால் ஒன்று எல்லார்க்கும் ஆகிவிடாது. எல்லார்க்கும் ஆக்கியபின் எழுதுதலே முறை.

எல்லார்க்கும் ஆக்கும் வழி யாது? கணினியுலகம் இதற்குப் பல்லாண்டு உழைத்தது. 2003ஆம் ஆண்டில் ஏ.எம்.டி. நிறுவனத்தின் 64 பிட் முறைவழியாக்கிகள் சந்தைக்கு வந்தன. அவை பழைய 32 பிட் செய்நிரல்களையும் இயக்க வல்லன. எனவே ஒரே கணினியில் இருவகை நிரலகமும் வேண்டப்பட்டன. இரண்டுக்கும் கோப்புப் பெயர் ஒன்றே. 'லிப்' என்னும் ஒரே கோப்புறையில் இரண்டும் எவ்வாறு இருக்கும்? லினக்ஸ் தொகுதிகள் சில, புதியதற்கு 'லிப்64' என்று வேறு கோப்புறை வகுத்தன. இரண்டு கட்டமைப்புக்கு அது போதும். மூன்றாவது வரின் இடமில்லை. டெபியனில் 32 பிட் நிரலகங்கள் பலவற்றையும் ஒருங்கே அடைத்த பெரும்பொதி ஒன்று நெடுநாள் வழங்கியது. உள்ளே உள்ள ஒரு நிரலகத்திற் பாதுகாப்புக் குறை காணப்படினும், பெரும்பொதி முழுவதையும் திரும்பக் கட்டவேண்டியிருந்தது.

இறுதியில் ஏற்பட்டதே பல்கட்டமைப்பு முறை. 2011ஆம் ஆண்டில் உபுண்டு 11.04 பதிப்பிலும், 2013ஆம் ஆண்டில் டெபியன் 7ஆம் பதிப்பிலும் அது இடம்பெற்றது. அதன் கருத்து எளியது. ஒவ்வொரு கட்டமைப்புக்கும் அதன் முழுப்பெயராலேயே ஒரு கோப்புறை வகுக்கப்படும். 'லிப்' என்பதன்கீழ் 'எக்ஸ்86_64-லினக்ஸ்-க்னூ' என்று ஒன்றும், 'ஐ386-லினக்ஸ்-க்னூ' என்று ஒன்றும், 'ஆர்ம்-லினக்ஸ்-க்னூஈஏபிஐஎச்எஃப்' என்று ஒன்றும், 'ஏஆர்ச்64-லினக்ஸ்-க்னூ' என்று ஒன்றுமாக எத்தனை வரினும் இடமுண்டு. ஒன்று தாய்வீட்டுக்குரியது, மற்றது ஒட்டுத்திண்ணைக்குரியது என்னும் வேறுபாடும் அங்கில்லை.

இடம் வகுத்தபின், ஒவ்வொரு பொதியும் பிற கட்டமைப்பினரோடு எவ்வாறு பழகும் என்பதைச் சீட்டிற் கூறுதல் வேண்டும். அதற்கு மூன்று சொற்கள் உள. முதலாவது 'சேம்': இப்பொதி தன் கட்டமைப்பினர்க்கே பயன்படும், ஆயினும் பிற கட்டமைப்புக்குரிய தன் உடன்பிறப்போடு ஒரே கணினியில் இருக்க இசையும். நிரலகங்கள் இவ்வகையின. இரண்டாவது 'ஃபொறின்': இப்பொதி எக்கட்டமைப்பினர் கேட்பினும் அவர் தேவையை நிறைவேற்றும். எழுத்துருக்களும், கட்டளையிட்டு விடைபெறும் கருவிகளும் இவ்வகையின. மூன்றாவது 'அலவுட்': கேட்போரே தமக்கு எது போதும் என்று கூறவேண்டும். பைத்தன் போன்ற மொழிபெயர்ப்பான்கள் இவ்வகையின.

'சேம்' என்று எழுதுவார்க்குக் கடமை இரண்டு. உடன்பிறந்த பொதிகள் யாவும் ஒரே பதிப்பெண் உடையனவாக இருத்தல் வேண்டும். அவை பொதுவாக வைக்கும் கோப்பு ஒவ்வொரு பைட்டும் ஒத்திருத்தல் வேண்டும். சிறு வேறுபாடும் பொறுக்கப்படாது. கோப்பைச் சுருக்கும் ஜிஸிப் என்னும் கருவி, சுருக்கிய கோப்பினுள் நேரக்குறிப்பு ஒன்றைப் பொறிக்கும். ஒரே ஆவணம் இரு கணினிகளில் இரு வேளையிற் சுருக்கப்படின் அக்குறிப்பு மாறுபட்டு, பொதிகள் இரண்டும் ஒருங்கிருக்க மறுக்கும். ஆதலின் அந்நேரத்தைப் பொறியாதவாறு கட்டளையிடுதல் பொதிசெய்வோர் வழக்கம். இத்துணை நுட்பம் எதற்கு என்று மாணவன் முதலிற் சலித்தான். ஓரெழுத்துத் திரிந்தால் தளை தட்டும் என்று நாள்தோறும் அவனுக்குச் சொல்லிவந்த யாம், இதனை எளிதில் விளங்கவைத்தோம்.

அவன் தன் பொதியை மூன்றாகப் பிரித்தான். தொகுத்த நிரலகம் கட்டமைப்புக்கு ஒன்றாகத் தனிப்பொதி ஆயிற்று. வாய்பாட்டு அட்டவணையும் விளக்க ஆவணமும் எல்லார்க்கும் பொதுவான பொதி ஆயின. பைத்தன் சாளரம் மூன்றாவதாயிற்று. மூல நிரலை ஆர்முக்கும், இன்ரெல் 32 பிட்டுக்கும், 64 பிட்டுக்கும் தனித்தனி தொகுத்தான். சீட்டுகள் இப்போது உண்மை கூறின. எல்லாக் கணினியிலும் சாளரம் திறந்தது. ஆயினும் இன்ரெல் கணினிகள் இரண்டு வகையிலும், 'கல்லூரி' என்று கொடுக்க அசையே இல்லை என்று விடை வந்தது. ஆங்கிலச் சொல்லைக் கொடுத்து எழுத்தெண்ணச் சொன்னால் மூன்றும் சரியாகவே எண்ணின. தமிழ் கொடுத்தால் ஆர்ம் மட்டுமே சரியாயிருந்தது.

காரணம் ஆராயத்தக்கது. யூனிக்கோட்டைச் சேமிக்கும் யூ.டி.எஃப்.-8 முறையில் ஆங்கில எழுத்தொன்று ஒரே பைட்டு. அதன் மதிப்பு 127ஐத் தாண்டாது. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டு. எல்லாம் 127க்கு மேற்பட்டவை. ககரம் 224, 174, 149 என்னும் மூன்றெண்ணாக இருக்கும். சி மொழியில் 'சார்' என்னும் எழுத்துவகை குறையெண்களை ஏற்குமா என்பது கட்டமைப்புக்குக் கட்டமைப்பு மாறும். லினக்ஸில் ஆர்ம் கட்டமைப்பு அதனை 0 முதல் 255 வரையாகக் கொள்ளும். இன்ரெல் கட்டமைப்போ −128 முதல் 127 வரையாகக் கொள்ளும். எனவே றாஸ்பெரி பையில் 224 ஆக இருந்த பைட்டு, இன்ரெலில் −32 ஆகியது. 256 அறைகொண்ட அட்டவணையில் −32ஆம் அறையைத் தேடிச் சென்ற நிரல், அட்டவணைக்கு வெளியே எதையோ படித்து விடை கூறியது. 'குறியற்ற எழுத்துவகை' என்று மூலத்தில் வெளிப்படையாக எழுதியவுடன் மூன்று கட்டமைப்பும் ஒரே விடை தந்தன. ஆங்கிலத்தால் மட்டும் சோதித்திருப்பின் இக்குறை எக்காலத்தும் வெளிப்பட்டிராது. தமிழாசிரியனுக்கு இத்துறையில் உள்ள வேலை யாது என்பார்க்கு இதுவே விடை.

ஒரே றாஸ்பெரி பையும் தன்னைப்பற்றி இருவிதமாகக் கூறுவதுண்டு. 2023ஆம் ஆண்டுமுதல், அதன் 32 பிட் முறைமையிலும், நான்காம் பை போன்றவற்றில் இயல்பாக 64 பிட் கருவே ஏற்றப்பட்டுவருகின்றது. 'யூநேம்' கட்டளையாற் கருவைக் கேட்டால் 64 பிட் என்று சொல்லும். மேலே உள்ள நிரலகங்களோ 32 பிட். கருவை மட்டும் கேட்டுப் பொதியைத் தெரிவுசெய்யும் நிறுவுநிரல்கள் இங்கே தடுமாறும். பொதிகளை ஆளும் 'டி.பி.கே.ஜி.' என்னும் கருவியைக் கேட்பதே தக்கது. எவரைப்பற்றி எவரிடம் கேட்கவேண்டும் என்பதும் அறிவின் ஒரு கூறன்றோ?

இனிப் பழைய கணினிகளின் நிலை. 2025ஆம் ஆண்டு ஆகஸ்து மாதத்தில் வெளிவந்த டெபியன் 13இல், இன்ரெல் 32 பிட் கட்டமைப்புக்குக் கருவும் நிறுவுநிரலும் வழங்கப்படவில்லை. 64 பிட் கணினிமீது பழைய செய்நிரல்களை ஓட்டுதற்கு மட்டுமே அதன் பொதிகள் எஞ்சியுள்ளன. மேலும், 1970ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து நேரத்தை வினாடிகளாக எண்ணும் 32 பிட் எண், 2038ஆம் ஆண்டு சனவரி 19ஆம் நாள், எம் நாட்டு நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடியில் நிரம்பிவிடும். டெபியனார் 32 பிட் ஆர்முக்கு இவ்வெண்ணை 64 பிட்டாக விரித்தனர். விரிக்கவே நிரலகங்களின் இயல்பு மாறியது. ஆதலின் பாதிக்கப்பட்ட பொதிகளின் பெயரோடு 'டி64' என்னும் பின்னொட்டைச் சேர்த்தனர். இயல்பு மாறின் பெயரும் மாறவேண்டும் என்னும் நேர்மை ஈண்டும் காண்க. இன்ரெல் 32 பிட்டுக்கு அம்மாற்றம் செய்யப்படவில்லை. பழையவற்றை இருந்தபடியே இயக்குதல் அதன் பணியாதலின்.

இச்செய்தி அறிந்ததும், பன்னிரண்டு மேசைக் கணினிகளையும் கழித்துவிடலாம் என்று ஒரு கருத்து எழுந்தது. கழிப்பதற்குமுன் ஒவ்வொன்றின் முறைவழியாக்கியையும் கேட்டறியுமாறு மாணவரை ஏவினோம். 'எல்.எஸ்.சி.பி.யூ.' என்னும் கட்டளை, அது 32 பிட் மட்டும் வல்லதா, 64 பிட்டும் வல்லதா என்று கூறிவிடும். பன்னிரண்டில் ஏழு 64 பிட் வல்லனவாக இருந்தன! முன்னொருகால் எவரோ 32 பிட் முறைமையை நிறுவியிருந்தமையால், அப்பெயரே அவற்றுக்கு நிலைத்துவிட்டது. அவ்வேழிலும் புதிய முறைமை நிறுவப்பட்டு, அவை இன்று வகுப்பிற் பயன்படுகின்றன. எஞ்சிய ஐந்தும் இணையத்தோடு இணைக்கப்படாது, தட்டச்சுப் பயிற்சிக்கும் யாப்புப் பயிற்சிக்கும் உதவுகின்றன. அவற்றுக்காகவே இன்றும் நிரலகத்தின் 32 பிட் பொதியைக் கட்டிவருகின்றோம். கணினியொன்று கூடத்திலிருந்து நீங்கின், அதன்முன் அமரும் இரு பிள்ளைகளின் முறை நீங்கும் என்பதை ஆசிரியர் அறிவர்.

கணினி அனுப்பிவைக்கும் பழைய மாணவரை ஒன்று வேண்டுவோம். பெட்டியின்மேல் விலையையும் வாங்கிய ஆண்டையும் எழுதுவதினும், உள்ளே இருப்பது எக்கட்டமைப்பு, எத்தனை பிட், எம்முறைமை என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். அவ்வொரு வரி எமக்குப் பல நாள் உழைப்பை மீதப்படுத்தும். மென்பொருட்டுறையில் உள்ளோர், தமிழ்க் கருவி எதனை இயற்றினும், உங்கள் மேசைமேல் உள்ள கணினிக்கு மட்டும் கட்டி நிறுத்தாது, உங்களிடம் இல்லாத கணினிக்கும் கட்டுங்கள். அந்தக் கணினியின் முன்னால்தான் எம் மாணவன் அமர்ந்திருக்கின்றான்.

மாணவர்க்குச் சொல்லவேண்டியது சிலவே. மூலம் எழுதுவோன் பெயரை உலகு அறியும். பொதி கட்டுவோன் பெயரைச் சீட்டைப் புரட்டிப் பார்ப்பவரே அறிவர். ஆயினும் அவன் சீட்டில் எழுதும் ஒவ்வொரு சொல்லும் அயலூரில் ஒரு திரை திறப்பதற்கோ திறவாமைக்கோ காரணமாகின்றது. ஆதலின், உள்ளதை உள்ளவாறே எழுதுங்கள். எல்லார்க்கும் என்று எழுத விரும்பின், எல்லார் கணினியிலும் தமிழைக் கொண்டே சோதித்தபின் எழுதுங்கள்.

யூபிலி காணும் எம் கல்லூரி நீடு வாழ்க! பழையனவும் புதியனவுமாகிய அதன் கணினிகள் அனைத்திலும் கொம்பும் காலும் இடம் தவறாது தமிழ் விளங்குக!